சாலரிக்கும் உப்புக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

கரும்பலகை டீச்சர் எழுதியது:

அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் வராந்தாவில் ஒரு பழைய கரும்பலகை கிடக்கிறது. தினமும் அதில் ஓர் ஆங்கிலச் சொல்லையும் அது பிறந்த கதையையும் எழுதிப் போடுவேன். மதியச் சாப்பாட்டு வரிசை அந்த வழியாகத்தான் போகும். தட்டோடு நிற்கிற பிள்ளைகளுக்குப் பார்க்க வேறொன்றும் இல்லாததால் படித்துவிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, 'சாலரி' என்ற சொல் உப்பிலிருந்து வந்தது, ரோமானியச் சிப்பாய்களுக்குச் சம்பளத்தையே உப்பாகத்தான் கொடுத்தார்கள் என்றாள். ஏதோ வீடியோவில் பார்த்தாளாம். உடனே கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "ஒரு ஆளுக்கு மாசம் எத்தனை கிலோ மிஸ்? மழை பெஞ்சா கரைஞ்சிடாதா? கடன்காரனுக்கும் உப்பையேதான் கொடுப்பாங்களா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்கு அது நல்ல கேள்வியாகத்தான் பட்டது. திங்கட்கிழமை பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இணையத்தில் தேடினால் எங்கு பார்த்தாலும் அதே கதை, கிட்டத்தட்ட அதே வாக்கியம். எத்தனை கிலோ என்று மட்டும் ஒருவரும் சொல்லக் காணோம். லத்தீன் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்படியே 'சின்சியர்', 'கேண்டிடேட்', பகட்டானது என்று பொருள்படும் 'பாஷ்' இந்த மூன்றுக்கும் என்னிடம் கதை தயாராக இருக்கிறது. எதை நம்பிப் பலகையில் ஏற்றலாம் என்றும் சொல்லுங்கள்.

நெய்தல் எழுதியது:

இதில் என்ன சந்தேகம் டீச்சர்? அந்தக் காலத்தில் உப்புக்கு அவ்வளவு மதிப்பு. ஒருவன் வாங்குகிற கூலிக்குத் தகுந்தவன் என்பதற்கு ஆங்கிலத்தில் 'வர்த் ஹிஸ் சால்ட்' என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது? நாமும் 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று சொல்கிறோம். அவ்வளவு ஏன், நம்முடைய 'சம்பளம்' கூட சம்பா + அளம்தான். நெல்லும் உப்பும் கூலியாகக் கொடுத்ததால் வந்த பெயர். ரோமிலும் அப்படி, இங்கேயும் அப்படி. தைரியமாக எழுதுங்கள்.

பாதி சாமியார் எழுதியது:

டீச்சர், கொஞ்சம் பொறுங்கள். நான் செமினரியில் லத்தீன் படித்தவன். சாமியாராகாமல் பாதியிலேயே வெளியே வந்துவிட்டேன், லத்தீன் மட்டும் என்னை விடவில்லை.

முதலில் உண்மையான பகுதி. 'சாலரி' என்பது லத்தீன் 'சலாரியும்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்குள் 'சால்' இருக்கிறது, சால் என்றால் உப்பு. இதில் தகராறே இல்லை. சாலட், சாஸ், சாசேஜ், சலாமி எல்லாம் இதே உப்புக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். உப்பிட்ட கீரையைத்தான் முதலில் சாலட் என்றார்கள்.

தகராறு சிப்பாயிடம்தான் வருகிறது. உப்பைச் சம்பளமாக அளந்து கொடுத்தார்கள் என்று எந்த ரோமானிய ஆசிரியரும் எழுதவில்லை. எல்லாரும் கைகாட்டுவது பிளினி என்ற ரோமானிய எழுத்தாளரை. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனாரே, அவர்தான். அவருடைய 'இயற்கை வரலாறு' 31ஆம் புத்தகத்தில் உப்பின் பெருமையைப் பாடிக்கொண்டே வருகிறார். பதவிகளிலும் படைச் சேவையிலும் கூட உப்புக்கு இடமுண்டு, சலாரியும் என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது என்கிறார். அத்தோடு சரி. மூட்டையும் இல்லை, படியும் இல்லை. உப்புப் போன பாதைக்கு சலாரியா சாலை என்று பெயர் வந்ததையும் அதே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

பிற்காலத்து அகராதிக்காரர்களுக்கு இது போதவில்லை. உப்பு வாங்கச் சிப்பாய்க்குக் கொடுத்த காசு என்று ஒரு விளக்கம் எழுதினார்கள். 1879இல் வந்த லூயிஸ், ஷார்ட் இருவரின் பெரிய லத்தீன் அகராதியில் அப்படித்தான் இருக்கிறது. அவர்களாவது 'காசு' என்றார்கள். பிறகு வந்தவர்கள் காசையும் கழற்றிவிட்டு உப்பையே கையில் கொடுத்துவிட்டார்கள்.

சலாரியும் வாங்கியவர்கள் யார் என்றால், பெரும்பாலும் பெரிய மனிதர்கள். வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் தன் மாமனார் அக்ரிகோலாவைப் பற்றி எழுதிய நூலில் ஓர் இடம் வருகிறது. மாகாண ஆளுநர் பதவி வேண்டாம் என்று அக்ரிகோலா ஒதுங்கிக்கொள்கிறார். ஒதுங்குகிறவருக்கு வழக்கமாகக் கொடுக்கும் சலாரியும் தொகையைக்கூட டொமிஷியன் பேரரசர் கொடுக்கவில்லை என்று மருமகனுக்கு ஒரே ஆத்திரம். இந்த இடத்தில் உப்பு என்று போட்டுப் படித்துப் பாருங்கள், சிரிப்புதான் வரும்.

சிப்பாய் வாங்கியதற்கு வேறு சொல் உண்டு: ஸ்டிப்பெண்டியும். ஆங்கிலத்து 'ஸ்டைபெண்ட்' அதன் பேரன். பின்பாதியில் எடை போடுதல், செலுத்துதல் என்ற பொருள் இருக்கிறது. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் சாதாரணச் சிப்பாய்க்கு வருடத்துக்கு 225 தெனாரியம், அது வெள்ளிக் காசு. ஆஸ் என்பது சில்லறைக் காசு, 16 ஆஸ் சேர்ந்தால் ஒரு தெனாரியம், ஆக நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 ஆஸ். 14ஆம் ஆண்டில் அகஸ்டஸ் இறந்ததும் பன்னோனியா என்ற மாகாணத்தில் படை கலகம் செய்தபோது இதைத்தான் கத்தினார்கள்: எங்கள் உடலுக்கும் உயிருக்கும் விலை நாளுக்குப் பத்து ஆஸ்தானா, அதிலேயே துணி, ஆயுதம், கூடாரம் எல்லாவற்றுக்கும் அழவேண்டுமா, ஒரு தெனாரியமாவது கொடு! டாசிட்டஸ் பட்டியலே போடுகிறார். உப்பு என்ற பேச்சே இல்லை.

உங்கள் கடைசி பெஞ்சுப் பையனுக்கு இதைவிட நல்ல பதில் ஒன்று இருக்கிறது. 81ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு ரோமானியச் சம்பளச் சீட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. எகிப்தில் எழுதப்பட்ட பாப்பிரஸ், இப்போது ஜெனீவாவில் இருக்கிறது. சிப்பாயின் பெயர் குயின்டஸ் ஜூலியஸ் புரோகுலஸ். ஒரு தவணைக்கு வரவு 248 டிராக்மா, எகிப்தில் புழங்கிய காசு. பிடித்தம்: வைக்கோல் 10, சாப்பாடு 80, பூட்ஸும் வாரும் 12, முகாமின் சாட்டர்னேலியா விழா 20, துணி 60. மொத்தப் பிடித்தம் 182, மீதி 66. வரவு காசு, பிடித்ததும் காசு. கரைவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

நெய்தல் ஐயா, 'வர்த் ஹிஸ் சால்ட்' அச்சில் புழங்க ஆரம்பித்ததே 19ஆம் நூற்றாண்டில்தான். ரோமானியச் சிப்பாய்க்கும் அதற்கும் நடுவே பல நூற்றாண்டு கிடக்கிறது. பழமொழியைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது.

சம்பளத்துக்கு வருகிறேன். சம்பா + அளம் சேர்ந்தால் நடுவில் வகரம் வந்து 'சம்பாவளம்' என்றுதானே ஆகவேண்டும்? அந்த 'வா'வை யார் தின்றது? அளம் என்பதும் முதலில் உப்பு விளைகிற இடம், உப்பளம் என்கிறோமே அது. சமஸ்கிருதத்தில் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டுக்குச் 'சம்பலம்' என்று ஒரு சொல் உண்டு. அதோடுதான் இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாலரிக் கதையைக் கேட்ட யாரோ நமக்கும் ஒன்று இருக்கட்டும் என்று தைத்துக் கொடுத்த சட்டை மாதிரி இருக்கிறது இந்தச் சம்பா அளம்.

நெய்தல் எழுதியது:

சந்தி இலக்கணத்தை வைத்து மடக்கிவிட்டீர்கள். பேச்சு வழக்கில் எழுத்து தேயாதா என்ன? இருந்தாலும் அந்தச் சம்பளச் சீட்டு பிரமாதம்.

பாதி சாமியார் எழுதியது:

தேயும் ஐயா. ஆனால் தேய்வதற்கு முன்னால் இருந்த முழு வடிவம் ஒரு கல்வெட்டிலாவது, ஓர் ஓலையிலாவது அகப்பட வேண்டும். கதைக்கும் வரலாற்றுக்கும் நான் பார்க்கிற வித்தியாசம் அவ்வளவுதான்.

டீச்சர், மற்ற மூன்றையும் மறக்கவில்லை. 'சின்சியர்' பற்றி உங்களிடம் இருக்கும் கதை மெழுகுக் கதையாகத்தான் இருக்கும். சிற்பிகள் பளிங்கில் விழுந்த விரிசலை மெழுகு வைத்து மறைப்பார்களாம், நேர்மையான சிற்பி 'சினே செரா', அதாவது மெழுகில்லாமல், என்று சொல்லி விற்பானாம். எங்கள் செமினரியில் பிரசங்கத்துக்கு இதை விட்டால் வேறு கதி கிடையாது. லத்தீனில் 'சின்சேருஸ்' என்று தனிச் சொல்லே இருக்கிறது, கலப்பில்லாதது என்று பொருள். மெழுகுக்கு அங்கே வேலை இல்லை.

'பாஷ்' அதைவிட மோசம். பி அண்ட் ஓ என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் கப்பலில் இந்தியாவுக்கு வரும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம் அறை எடுத்தால் வெயில் படாதாம். 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்பதன் முதலெழுத்துகளைப் பணக்காரர்களின் டிக்கெட்டில் குத்துவார்களாம். அப்படிக் குத்திய ஒரு டிக்கெட்டைக்கூட இதுவரை யாரும் கண்டதில்லை. முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் செய்கிற பழக்கம் பரவியதே 20ஆம் நூற்றாண்டில்தான். பழைய சொல்லுக்கு யாராவது முதலெழுத்து விளக்கம் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுங்கள்.

'கேண்டிடேட்' மட்டும் சொக்கத் தங்கம். லத்தீனில் 'காண்டிடுஸ்' என்றால் பளீரென்ற வெள்ளை. தேர்தலில் நிற்கிறவர்கள் மேலாடையில் சுண்ணப்பொடி தேய்த்துப் பளபளவென்று வெளுத்துக்கொண்டு வாக்குக் கேட்க வருவார்கள். 'காண்டிடாத்துஸ்' என்றால் வெள்ளை உடுத்தியவன். ஓட்டுக் கேட்பதற்காக யாரும் துணியில் வெள்ளை பூசக்கூடாது என்று கி.மு. 432இல் சட்டமே கொண்டுவந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். சட்டத்தை யார் மதித்தார்கள்? அப்புறம், இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து கெஞ்சுவதற்கு 'அம்பிட்டியோ' என்று பெயர். அதுதான் ஆங்கிலத்தில் 'ஆம்பிஷன்'. ஓட்டுக்குப் பணம் கொடுக்கிற குற்றத்துக்கும் அதே வேரிலிருந்து 'அம்பிட்டுஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இதைப் படிக்கும்போது உங்களுக்கு யார் யார் முகம் நினைவுக்கு வருகிறது என்று நான் கேட்கப் போவதில்லை.

செப்புக்காசு எழுதியது:

சம்பளம் பற்றிப் பேச்சு வந்ததால் 'கேஷ்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'காசுதான் கேஷ் ஆச்சு' என்று பெருமையாகச் சொல்வோமே, அது பாதி சரி. ஆங்கிலத்தில் கேஷ் என்று எழுத்துக்கூட்டும் சொற்கள் இரண்டு. ரொக்கம் என்ற பொருளில் இப்போது புழங்குவது பிரெஞ்சு, இத்தாலி வழியாக வந்தது. அதன் மூலம் லத்தீன் 'காப்சா', பெட்டி என்று பொருள். முதலில் பணப்பெட்டியைக் குறித்து, பிறகு பெட்டிக்குள் இருப்பதற்குப் பெயரானது. கேஸ், கேப்சூல் எல்லாம் அதன் உறவுக்காரர்கள்.

இன்னொரு கேஷ் நம்முடைய காசு. போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்துக்குப் போய், கிழக்கு நாடுகளின் சில்லறை நாணயத்துக்குப் பெயரானது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கே அதில்தான்: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன்.

நான் பழைய நாணயம் சேர்க்கிறவன். என்னிடம் 1808ஆம் ஆண்டின் 20 காசு செப்பு நாணயம் ஒன்று இருக்கிறது. பர்மிங்காமில் சோஹோ அச்சாலையில் அடித்தது. 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலில் இப்படிப் பீப்பாய் பீப்பாயாக இந்தியாவுக்கு ஏற்றிவிட்டார்கள். 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே, கென்ட் பக்கம் குட்வின் மணல்திட்டில் மாட்டிக் கப்பல் மூழ்கிவிட்டது. 1980களில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு பக்கம் பாரசீக எழுத்து, கீழே 20 காசு என்று ஆங்கிலத்தில். மறுபக்கம் கம்பெனியின் சின்னம், அதன் அடியில் ரிப்பனில் பொடி எழுத்தில் லத்தீன். ஆங்கில அரசரும் பாராளுமன்றமும் தந்த ஆதரவில் என்று அர்த்தம். தமிழ்க் காசும் லத்தீனும் ஒரே செப்பில் இருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

பழைய பில் கிளார்க் எழுதியது:

முப்பது வருடத்துக்கு மேல் சம்பளப் பட்டியல் போட்டவன் என்ற உரிமையில் கேட்கிறேன். விழாவுக்கு 20 டிராக்மா பிடித்தம் சரி, நமக்கும் பண்டிகை முன்பணம் கொடுத்துவிட்டுப் பிடிப்பார்கள். குதிரையில்லாத சிப்பாய்க்கு வைக்கோல் எதற்கு? அப்புறம் அந்த மீதி 66, அதைக் கையில் கொடுத்தார்களா, கணக்கில் வைத்தார்களா?

பாதி சாமியார் எழுதியது:

ஐயா, வைக்கோல் படுக்கைக்கு என்கிறார்கள் சிலர், சாமான் சுமக்கும் பிராணிக்கு என்கிறார்கள் சிலர். மீதியைக் கையில் கொடுக்கவில்லை, படையின் பொறுப்பில் வைப்பாகவே நின்றது. புரோகுலஸுக்கு ஏற்கெனவே 136 டிராக்மா வைப்பு, இதோடு சேர்த்து 202. இப்படிச் சேர்ந்த பணம் பின்னால் வினையாகவும் முடிந்தது. 89இல் ரைன் ஆற்றங்கரையில் சாட்டர்னினஸ் என்ற தளபதி கலகம் செய்ததற்கு, குளிர்கால முகாமில் இரண்டு படைப்பிரிவுகளின் வைப்புப் பணம் குவிந்து கிடந்த தைரியம்தான் காரணம் என்று சந்தேகப்பட்டார் டொமிஷியன். அதன் பிறகு ஒரு சிப்பாய் 1000 செஸ்டெர்ஸ் காசுக்கு மேல் வைப்பு வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

கரும்பலகை டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை சொல் எதுவும் எழுதப் போவதில்லை, புரோகுலஸின் சம்பளச் சீட்டை அப்படியே பலகையில் போடுகிறேன். பிடித்தத் தொகைகளை எழுதிவிட்டு மீதியை மட்டும் காலியாக விடுவேன், அந்தப் பையனே சாக்பீஸ் பிடித்து நிரப்பட்டும். செவ்வாய்க்கிழமை 'கேண்டிடேட்'. செப்புக்காசு ஐயா, அந்த நாணயத்தின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து இங்கே போட முடியுமா? லத்தீன் எழுத்து தெரிகிற மாதிரி, வெயிலில் வைத்து எடுங்கள்.