ஸ்விஸ் டோர்னமென்ட் ஆட்டம் மொத்தத்தையும் தொகுத்து புள்ளிவிவரம் எடுக்கணும், எங்க ஆரம்பிக்கிறது?

கறுப்புக்குதிரை:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு 9 ரவுண்டு செஸ் டோர்னமென்ட் ஸ்விஸ் முறையில (யாரும் வெளியேறாம, ரவுண்டுக்கு ரவுண்டு கிட்டத்தட்ட ஒரே பாயிண்ட் எடுத்தவங்க மோதுற முறை) முடிஞ்சிருக்கு, 64 பேர் ஆடுனாங்க, ரவுண்டுக்கு 32 போர்டு, ஆக மொத்தம் 288 ஆட்டம். எல்லாத்தையும் ஒரே பிஜிஎன் ஃபைலா (செஸ் மூவ்கள எழுதி வைக்கிற ஃபைல் வகை) தொகுக்குற வேலைய நானே கேட்டு வாங்கியிருக்கேன். மேல இருக்குற சில போர்டுக்கு மட்டும் லைவ் போர்டு வெச்சிருந்தாங்க, அதுல மூவ் எல்லாம் தானா பதிவாயிருச்சு, மிச்சம் பூரா ஆடுனவங்க கையால மூவ் எழுதுன கார்பன் ஸ்கோர்ஷீட்தான், ஒரு பெட்டி நிறைய இருக்கு. ஆர்கனைசர்கிட்ட பர்மிஷன் வாங்கியாச்சு, ஸ்கோர்ஷீட் அவங்களுக்குச் சொந்தம்னு உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே விதியிலயே இருக்கு.

பெரிய டோர்னமென்ட் ஆட்டமெல்லாம் அன்னிக்கே நெட்ல வந்துருது. முப்பதாவது போர்டுல ஒருத்தர் எவ்வளவு அழகா ஒரு எண்ட்கேம் ஆடுனாலும் அத எதிர்ல உக்காந்தவரத் தவிர யாரும் பாக்கறதில்ல, அந்த ஸ்கோர்ஷீட்டும் கொஞ்ச நாள்ல காணாம போயிரும். அதுக்காகத்தான் இதுல இறங்குனேன்.

தொகுத்ததுக்கப்புறம் வெள்ளைக்கு எவ்வளவு சாதகம் இருந்துச்சு, எந்த ஓப்பனிங் நல்லா போச்சு, யாரு தப்பு கம்மியா ஆடுனாங்க, எத்தனாவது மூவ் வாக்குல தப்பு அதிகமா நடக்குது, இதெல்லாம் பாக்கணும்னு ஆசை. எக்செல் நல்லா தெரியும், பைத்தான் சுமாரா தெரியும். ஏற்கனவே செஞ்சவங்க வழி சொல்லுங்க.

ஏட்டுக்கணக்கு:

நல்ல காரியம் எடுத்திருக்கீங்க நண்பரே. ஆனா எக்செல்லோ பைத்தானோ தொடுறதுக்கு முன்னாடி உங்க நேரத்துல முக்கால்வாசி அந்தப் பெட்டிக்குள்ளதான் போகும், அதுக்கு மனச தயார் பண்ணிக்கோங்க.

முதல்ல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரெண்டு பேரோட ஷீட்டும் இருக்கான்னு பாருங்க, இருந்தா சேத்து பின் பண்ணிருங்க. ஒருத்தர் கையெழுத்து புரியலன்னா இன்னொருத்தர் ஷீட்ல தெளிவா இருக்கும். டைப் பண்ணும்போது சாதாரண எடிட்டர்ல அடிக்காம செஸ் சாஃப்ட்வேர்ல போர்டுல காய நகர்த்தியே ஏத்துங்க, ஸ்கிட் இலவசம்தான், லிசெஸ் வெப்சைட்ல ஸ்டடி போட்டும் ஏத்தலாம். அப்படி ஏத்துனா நடக்க முடியாத மூவ் வந்ததும் அங்கயே நின்னுரும். இதுல ஒண்ணு கவனிங்க, 27-வது மூவ்ல நின்னுச்சுன்னா தப்பு பெரும்பாலும் 27-ல இருக்காது, அதுக்கு நாலஞ்சு மூவ் முன்னாடி எங்கயோ இருக்கும். அதிகமா மாட்டுறது குதிரைதான். ரெண்டு குதிரையும் டி2 கட்டத்துக்கு வர முடியும்ங்கிற நிலைமையில எந்தக் குதிரைன்னு எழுதாம வெறும்னே விட்டிருப்பாங்க, நீங்க எஃப்3 குதிரைய நகர்த்தியிருப்பீங்க, அவர் ஆடுனது பி1 குதிரையா இருக்கும், அஞ்சு மூவ் கழிச்சு எஃப்3 குதிரை இ5-க்கு போகணும்னு ஷீட்ல இருக்கும், அங்க குதிரையே இருக்காது. யானைக்கும் இதே கதைதான், ரெண்டு யானையும் டி1-க்கு வர முடிஞ்சா எதுன்னு எழுத மறந்துருவாங்க. இன்னொரு வகை, ஒரு மூவ எழுதாம விட்டுட்டு அடுத்ததிலேருந்து ஒரு வரி தள்ளிப் போயிட்டே இருக்கும். அத எதிராளி ஷீட்ட வெச்சுத்தான் கண்டுபிடிக்க முடியும்.

கடைசி அஞ்சு நிமிஷத்துக்குள்ள வந்துட்டா, மூவுக்கு 30 செகண்ட் இன்க்ரிமென்ட் (ஒவ்வொரு மூவுக்கும் கூடுற நேரம்) இல்லாத ஆட்டத்துல எழுத வேண்டியதில்லன்னு விதி இருக்கு. அதனால சில ஷீட் பாதியிலயே நின்னுரும். அது யாரோட கவனக்குறைவும் இல்ல. உங்க டோர்னமென்ட்ல என்ன டைம் கண்ட்ரோல்னு கேட்டு வெச்சுக்கோங்க.

லைவ் போர்டு ஆட்டத்தையும் அப்படியே நம்பிராதீங்க. ஆட்டம் முடிஞ்சதும் ரிசல்ட் காட்டுறதுக்கு ரெண்டு ராஜாவையும் நடுக்கட்டத்துல வெப்பாங்கல்ல, அது சில நேரம் கடைசி மூவா பதிவாயிருக்கும். ஜி1-ல உக்காந்திருந்த ராஜா திடீர்னு இ4-ல நிக்கிறாப்ல தெரிஞ்சா அந்த வரிய எடுத்துருங்க, இல்லன்னா என்ஜின் (மூவ்கள மதிப்பிடுற செஸ் புரோகிராம்) அத உலகமகா பிளண்டர்னு, அதாவது பெரிய தப்புன்னு, கணக்குல சேத்துரும்.

பேரு விஷயம் அடுத்த தலைவலி. ஒரே ஆள் ஒரு ரவுண்டுல குகேஷ் டி, இன்னொண்ணுல டி குகேஷ், வேற இடத்துல டொம்மராஜு குகேஷ்னு வந்தா கம்ப்யூட்டருக்கு அது மூணு ஆள். ஃபிடே ஐடி இருக்குறவங்களுக்கு அத ஒரு டேக்ல (பிஜிஎன்ல ஆட்டத்துக்கு மேல வர்ற தகவல் வரி) போட்டுருங்க, இல்லாதவங்களுக்கு பேரிங் லிஸ்ட்ல (யாரு யாரோட மோதுறாங்கங்கற பட்டியல்) இருக்குற ஸ்டார்டிங் நம்பர் போதும். பிஜிஎன்ல கட்டாயமா இருக்க வேண்டிய 7 டேக் (போட்டி, இடம், தேதி, ரவுண்டு, வெள்ளை, கறுப்பு, ரிசல்ட்) கூடவே ரெண்டு பேர் ரேட்டிங்கும் சேத்துருங்க, பின்னாடி அதில்லாம ஒரு கணக்கும் ஓடாது.

சராசரி:

மேல ஏட்டுக்கணக்கு சொன்னது அத்தனையும் சரி, நான் கணக்குப் பக்கம் மட்டும் சொல்றேன்.

முதல்ல ஆள் வராம கிடைச்ச பாயிண்ட் எல்லாத்தையும் தனியா எடுத்து வெச்சிருங்க, அது டேபிள்ல பாயிண்ட்தான், ஆனா ஆட்டம் இல்ல. அத விட்டுட்டு எண்ணிப் பாத்தா 288-ன்னு நினைச்சது குறையும்.

வெள்ளை சாதகத்துக்கு வர்றேன். பெரிய டேட்டாபேஸ்ல எல்லாம் வெள்ளை சுமாரா 54, 55 சதவீதம் எடுக்கும் (ஜெயிச்சா 1, டிரான்னா அரைன்னு கணக்கு வெச்சு). உங்களுக்கும் 54 வந்துச்சுன்னு வெச்சுக்கோங்க. 288 ஆட்டத்துல அஞ்சுல ஒண்ணு டிரான்னா, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி கூட்டி கழிச்சு 5 சதவீதம் வரும், அதாவது 49-லேருந்து 59 வரைக்கும் எது வேணா உண்மையா இருக்கலாம். வெள்ளைக்கு சாதகமே இல்லன்னு ஒருத்தர் சொன்னாக்கூட உங்க டேட்டாவ வெச்சு அவர மறுக்க முடியாது. அதனால "இந்த டோர்னமென்ட்ல வெள்ளை 54 எடுத்துச்சு"ன்னு எழுதுங்க, அது நடந்த விஷயம். "இதுலேருந்து வெள்ளைக்கு சாதகம்னு நிரூபணம் ஆகுது"ன்னு எழுதாதீங்க. இந்த ரெண்டு வாக்கியத்துக்கும் நடுவுல இருக்குற தூரம்தான் புள்ளியியலே.

ஸ்விஸ்ங்கறதால இன்னொரு சிக்கலும் இருக்கு. முதல் ரவுண்டுல மேல்பாதி கீழ்பாதியோட மோதும், உங்க 64 பேர்ல ஒண்ணாம் நம்பருக்கு 33-ஆம் நம்பர் வருவார். அங்க யாரு ஜெயிச்சாங்கங்கறத நிறம் முடிவு பண்ணாது, ரேட்டிங்தான் பண்ணும். ரேட்டிங்ல 200 பாயிண்ட் வித்தியாசம்னா எலோ கணக்குப்படி (ரேட்டிங் போடுற சூத்திரம்) பலமானவருக்கு 76 சதவீதம், 400-னா 91. அதனால ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெள்ளையோட எதிர்பார்ப்பு ஸ்கோர ரேட்டிங் வெச்சு போட்டு, மொத்தத்த கூட்டி, நிஜமா எடுத்த ஸ்கோர்லேருந்து கழிங்க. மிஞ்சுறதுதான் நிறத்தால வந்தது. எக்செல்ல ஒரே ஒரு காலம்தான், கஷ்டமே இல்ல. ரேட்டிங் இல்லாதவங்க ஆட்டத்த இந்தக் கணக்குல சேக்காதீங்க, அவங்களுக்கு சும்மா ஒரு நம்பர் போட்டு நிரப்புறதவிட விடுறது மேல்.

கறுப்புக்குதிரை:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. குதிரை விஷயம் நேத்து ஏத்துன ஆட்டத்துலயே அப்படியே வந்துச்சு. அப்ப ஓப்பனிங் கணக்கும் இதே மாதிரி பலவீனமாத்தான் இருக்குமா? என்ஜின் வெச்சு பாக்குறதுக்கு எந்த செட்டிங்?

நள்ளிரவு_பிளிட்ஸ்:

ஓப்பனிங் இன்னும் மோசம் ப்ரோ. ஓப்பனிங்குகள வகைப்படுத்துற இ.சி.ஓ கோட் ஏ00-லேருந்து இ99 வரைக்கும் 500 இருக்கு, உங்ககிட்ட 288 ஆட்டம், ஒரு கோடுக்கு ஒரு ஆட்டம்கூட தேறாது. குடும்பமா சேத்துப் பாருங்க, சிசிலியன் மொத்தம் (பி20 முதல் பி99), ஃபிரெஞ்ச் மொத்தம் (சி00 முதல் சி19), இந்த மாதிரி. கோட மூவ் வரிசைய வெச்சு போடாம வந்து சேந்த பொசிஷன வெச்சு போடுங்க, குதிரைய எஃப்3-ல வெச்சு ஆரம்பிச்ச ஆட்டம் நாலு மூவ்ல குயின்ஸ் கேம்பிட்டா மாறியிருக்கும். அப்புறம் ஓப்பனிங் நல்லா போச்சான்னு ரிசல்ட்ட வெச்சு சொல்லவே கூடாது, 45-வது மூவ்ல யானைய விட்டதுக்கு சிசிலியன் என்ன பண்ணும்? 15-வது மூவ் முடிஞ்ச நிலைமையில என்ஜின் மதிப்பீடு எவ்வளவுன்னு எடுத்து அத ஒப்பிடுங்க, ஓப்பனிங் பத்தி ஏதாவது சொல்ல முடியும்னா அங்கதான்.

என்ஜினுக்கு ஸ்டாக்ஃபிஷ். நேரத்த வெச்சு ஓட்டாம நோட் எண்ணிக்கைய (என்ஜின் அலசிப் பாக்குற பொசிஷன் எண்ணிக்கை) வெச்சு ஓட்டுங்க, ஒரே த்ரெட்ல, எல்லா பொசிஷனுக்கும் ஒரே அளவு, அப்பதான் வேற ஒருத்தர் ஓட்டுனாலும் அதே நம்பர் வரும். பைத்தான்ல பைத்தான்-செஸ்னு ஒரு லைப்ரரி இருக்கு, பிஜிஎன் படிக்கிறதும் என்ஜினோட பேசுறதும் ரெண்டுமே அதுலயே ஆகும். ஆட்டத்துக்கு சராசரி 40 மூவ்னா ரெண்டு பக்கமும் சேத்து 80 பொசிஷன், மொத்தம் 23 ஆயிரம் சொச்சம், பொசிஷனுக்கு ஒரு செகண்ட்னாகூட ஆறரை மணி நேரம். ராத்திரி போட்டுட்டு தூங்குனா காலையில முடிஞ்சிருக்கும்.

யாரு சுத்தமா ஆடுனாங்கன்னு பாக்க எல்லாரும் சென்டிபான் (ஒரு சிப்பாய் மதிப்புல நூத்துல ஒரு பங்கு) இழப்பு சராசரி எடுப்பாங்க, அத நேரா எடுத்தா ஏமாத்தும். ஒருத்தர் 9 சிப்பாய் அளவு சாதகத்துலேருந்து (+9) +5-க்கு இறங்குனா 400 சென்டிபான் போச்சுன்னு காட்டும், ஆனா அவர் அப்பவும் ஜெயிக்கத்தான் போறார். லிசெஸ் பயன்படுத்துற சூத்திரத்துல போட்டா வெற்றி வாய்ப்பு 96-லேருந்து 86-க்கு வருது. +0.5-லேருந்து -1.5-க்கு வந்தா பாதி சென்டிபான்தான், வெற்றி வாய்ப்பு 55-லேருந்து 37 ஆயிருது. எது பெரிய தப்பு? அதனால வெற்றி வாய்ப்பா மாத்திட்டு அப்புறம் சராசரி எடுங்க. ஆரம்ப மூவ்கள விட்டுருங்க, மனப்பாடம் பண்ணத ஆடுறதுக்கு மார்க் போடக் கூடாது. 2006-ல கிட், பிராட்கோ ரெண்டு பேரும் உலக சாம்பியன்கள கிராஃப்டி என்ஜின் வெச்சு ஒப்பிட்ட ஆய்வுல 12-வது மூவ்லேருந்துதான் எண்ணுனாங்க, அதுல காப்பாபிளாங்கா முதல்ல வந்தார். அவர் ஆட்டம் எளிமையானது, சிக்கல தேடிப் போக மாட்டார், அப்ப தப்பும் கம்மியாத்தான் வரும்னு அவங்களே அதையும் கணக்குல எடுத்துப் பேசியிருந்தாங்க. உங்க லிஸ்ட்லயும் 14 மூவ்ல டிரா பண்ணவர் முதல் இடத்துக்கு வந்துருவார், அதுக்கு ஒரு குறைந்தபட்ச மூவ் எண்ணிக்கை வெச்சிருங்க.

சராசரி:

இதோட சேத்து ஒரு வேண்டுகோள். அந்த சுத்த-ஆட்ட லிஸ்ட்ட பேரோட பப்ளிக்கா போடாதீங்க. ஒரு சின்னப் பையன் ஒரு ஆட்டத்துல ரொம்ப துல்லியமா ஆடியிருப்பான், அத வெச்சு யாராவது என்ஜின் பாத்து ஆடுனான்னு கிளப்பி விட்டா அந்தக் குழந்தைக்கு அது தாங்காது. ஒருத்தருக்கு 9 ஆட்டம், அதுல எண்ணத்தகுந்த மூவ் இருநூத்துச் சொச்சம், இத வெச்சு தனிமனுஷனப் பத்தி எதுவும் சொல்ல முடியாது. உலக சாம்பியனோட மோதப் போறவர தேர்ந்தெடுத்த 2024 கேண்டிடேட்ஸ் டோர்னமென்ட்ட எடுத்துக்கோங்க, 8 பேர், 14 ரவுண்டு, 56 ஆட்டம், குகேஷ் 9 பாயிண்ட், அடுத்த மூணு பேர் ஆளுக்கு எட்டரை. ஜெயிச்சது குகேஷ்தான், அதுல மறு பேச்சே இல்ல, ஆனா அரை பாயிண்ட வெச்சு யாரு பலம் அதிகம்னு புள்ளியியல் எதுவும் சொல்லாது. ரேட்டிங் பிரிவு பிரிவா போடுங்க, 1600-க்கு கீழ, 1600 முதல் 1900, அதுக்கு மேல, அது எல்லாருக்கும் உபயோகமா இருக்கும்.

எத்தனாவது மூவ்ல தப்புங்கற கேள்விக்கு, 30-லேருந்து 40-க்குள்ள மொத்தம் எத்தனை தப்புன்னு எண்ணாதீங்க, அந்தக் கட்டத்துல ஆடப்பட்ட மூவ்ல எத்தனை சதவீதம் தப்புன்னு பாருங்க. 60-வது மூவ் வரைக்கும் போன ஆட்டம் கொஞ்சம்தான் இருக்கும், அதுவும் ரெண்டு பேரும் சமமா தாங்குன ஆட்டம், அத 20-வது மூவோட நேரா ஒப்பிட முடியாது. லைவ் போர்டு ஆட்டத்துல கடிகார நேரமும் பதிவாகியிருந்தா மூவ் நம்பரவிட மிச்சமிருந்த நிமிஷத்த வெச்சுப் பாருங்க, தப்புக்கு நிஜக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

கறுப்புக்குதிரை:

பேரு போட மாட்டேன், கண்டிப்பா. கடைசியா ஒண்ணு, பாதியில நின்ன ஷீட் இருக்குன்னு சொன்னீங்கல்ல, ரெண்டு பேரும் 34-வது மூவோட நிறுத்திட்டாங்க, ரிசல்ட் மட்டும் தெரியும். அத ஃபைல்ல சேக்கவா விடவா?

ஏட்டுக்கணக்கு:

சேருங்க. தெரிஞ்ச 34 மூவையும் போட்டு, ரிசல்ட்ட பேரிங் லிஸ்ட்லேருந்து எடுத்துப் போட்டு, கடைசி மூவுக்குப் பக்கத்துல மீதி பதிவாகலன்னு ஒரு கமெண்ட் எழுதிருங்க. வெள்ளை, ஓப்பனிங் கணக்குல இந்த ஆட்டம் வரலாம், ஆட்டம் எத்தனை மூவ் நீடிச்சதுங்கற கணக்குலயும் கடைசிக் கட்டத் தப்பு கணக்குலயும் வரக் கூடாது, அதுக்கு ஒரு டேக் தனியா வெச்சு ஃபில்டர் பண்ணிக்கோங்க. ஆடுனவங்க போன் நம்பர் ஆர்பிட்டர்கிட்ட (நடுவர்) இருந்தா அவர் மூலமா கேட்டுப் பாருங்க, நிறைய பேருக்கு தன் ஆட்டத்தோட கடைசிப் பத்து மூவ் நல்லா ஞாபகம் இருக்கும்.

கறுப்புக்குதிரை:

சரிங்க, ஆர்பிட்டர்கிட்ட இன்னிக்கே பேசுறேன். முதல் ரெண்டு ரவுண்டு ஏத்தி முடிச்சதும் ஃபைல இங்கயே போடுறேன், தப்பு இருந்தா சொல்லுங்க.