திப்பு மகாலும் தூங்குமூஞ்சி மரமும்

வேலூர் கோட்டைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். நாங்களும் அந்தப் பாதிதான். இந்த முறை பையன் 1806 புரட்சியைப் பாடத்தில் படித்துவிட்டு, திப்பு மகாலைப் பார்த்தே ஆகணும் என்று ஒற்றைக் காலில் நின்றான். சரி என்று அப்பாவையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

ஊஞ்சல், தூண் என்று கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். நாங்கள் போனபோது பூட்டியிருந்தது. வெளியே நின்று சுவரைத்தான் பார்த்தோம். "இன்னாம்மா இது, ராஜா வூடுன்னு இட்டாந்தே, ஜெயிலாட்டம் கீது" என்றார் மாமியார். உண்மையும் அதுதான். 1799-ல் சீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்த பிறகு, அவர் குடும்பத்தை ஆங்கிலேயர் இந்தக் கோட்டையில்தான் காவலில் வைத்திருந்தார்கள்.

பையன் ஒப்பிக்க ஆரம்பித்தான். தோல் வைத்த புதுத் தலைப்பாகை கட்டணும், நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, தாடியை எடுக்கணும் என்று சிப்பாய்களுக்கு ஆங்கிலேயர் போட்ட உத்தரவு. ஜூலை 10 விடிவதற்குள் சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். முந்தின நாள் திப்புவின் மகளுக்குக் கல்யாணம் என்றதும்தான் மாமியாருக்குச் சுவாரசியம் வந்தது. "அந்தப் பொண்ணு அப்புறம் இன்னா ஆச்சு?" அது பாடப்புத்தகத்தில் இல்லையாம். திப்புவின் மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பியதோடு பாடம் முடிந்துவிடுகிறதாம்.

வெயில் தாங்காமல் பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்தவர், திப்பு பிள்ளைகள் இந்த மரத்தடியில்தான் விளையாடினார்கள் என்று அடித்துச் சொன்னார். வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா எதிரே ஒன்றும் பேசவில்லை. அவர் நகர்ந்ததும் சிரித்தார். தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்து மரமாம், நம் பக்கம் வந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில்தானாம். புளியமரத்தைக் காட்டிச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அது இருநூறு வருஷம் தாராளமாக நிற்கும்.

தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம்ம ஊரைக் கிண்டல் செய்வார்களே, அதில் சாமி 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து திரும்பி வந்துவிட்டார். ராஜா விஷயமும் தப்புதான். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை இங்கேதான் சிறை வைத்திருந்தார்கள். 1832-ல் இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் நினைவிடமான முத்து மண்டபம் இருக்கிறது. கோட்டை வரை வருகிறவர்கள் அதையும் பார்த்துவிடுங்கள்.

குழந்தைகளோடு போனால் நாலு மணிக்கு மேல் போங்கள். கோட்டைக்குள்ளே இருக்கும் அரசு அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பணும். வெள்ளிக்கிழமை அதற்கு லீவு.