புதுப்பிப்பு: மைக்கைப் பிடித்ததும் நாக்கு ஒட்டிக்கொண்ட கதை

அக்கா மகளின் வரவேற்பில் நான் மூன்றே வரி பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கி ஓடியதை எழுதியிருந்தேன் அல்லவா? நீங்கள் சொன்னபடி டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டத்தில் சேர்ந்தேன். மேடைப் பேச்சுப் பழகுவதற்காக 1924-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அமைப்பு.

முதல் பேச்சுக்கு 4 முதல் 6 நிமிடம். நேரம் ஆக ஆக பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு மாறும். அதைவிடப் பயங்கரம், நாம் இழுக்கும் 'அ...', 'வந்து...' எல்லாவற்றையும் எண்ணுவதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருப்பார். எனக்கு 23 'வந்து'. மானம் போனது!

அப்புறம் 'வந்து' வரும் இடத்தில் வாயை மூடி மூச்சு விட்டேன். அந்த மௌனம் எனக்குத்தான் யுகமாகத் தெரிந்தது, கேட்பவர்களுக்கு இல்லை. மூன்றாவது பேச்சில் 6 தான்.

கை நடுக்கம்? இன்னும் இருக்கிறது. தாளுக்குப் பதில் கெட்டி அட்டையில் குறிப்பு எழுதுவதால் படபடப்பது தெரிவதில்லை. அடுத்த மாதம் அலுவலகத்தில் ஒரு பிரிவுபசார விழா. நானே பெயர் கொடுத்திருக்கிறேன்.