வாரண்ட் இல்லாம போலீஸ் வீட்டுக்குள்ள வந்து தேடலாமா?

மாடிவீட்டு ராசு:
போன வாரம் ராத்திரி எட்டு மணி இருக்கும், ரெண்டு போலீஸ் வீட்டுக்கு வந்தாங்க, தம்பியோட ஃப்ரெண்டு ஒருத்தன் திருட்டு செல்போன் வாங்கி வித்தான்னு கேஸாம், அவன் எங்க வீட்ல ஏதாச்சும் குடுத்து வச்சிருக்கானான்னு பாக்கணும்னாங்க. அப்பா வாரண்ட் இருக்கான்னு கேட்டதுக்கு "பெரியவரே, அதெல்லாம் சினிமாலதான்"னு சொல்லிட்டு பீரோ, பரண், அரிசி டிரம்முக்குள்ள கூட கைய விட்டு துழாவிட்டு கடைசில அப்பாவோட பட்டன் போனையும் தம்பி லேப்டாப்பையும் எடுத்துட்டு போயிட்டாங்க. ஒரு துண்டுச்சீட்டு கூட குடுக்கல. இது செல்லுமா?

கோர்ட்வாசல்:
வாரண்ட் இல்லாம வரவே கூடாதுன்னு கிடையாது ப்ரோ. 2024 ஜூலை 1-லேர்ந்து சிஆர்பிசிக்கு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பதிலா பிஎன்எஸ்எஸ்ங்கற புது சட்டம். அதுல வாரண்ட்டுக்கு 96, 97 பிரிவு. சம்மன் அனுப்பினாலும் இவன் பொருள கொண்டாந்து குடுக்க மாட்டான், இல்ல அது யார்கிட்ட இருக்குன்னே தெரியல, அப்படின்னு கோர்ட் நினைச்சா 96. திருட்டுப் பொருள், கள்ள நோட்டு வச்சிருக்கற இடம்னு தகவல் வந்தா 97.

உங்க மேட்டர் அனேகமா 185, பழைய சட்டத்துல 165. லேட் பண்ணா பொருள் கிடைக்காதுன்னு நம்ப காரணம் இருந்தா வாரண்ட் இல்லாமயே தேடலாம், ஆனா அந்தக் காரணத்தையும் என்ன தேடறோம்ங்கறதையும் முன்னாடியே கேஸ் டைரில எழுதியிருக்கணும். அதிகாரி தான் வராம கீழ இருக்கறவங்கள அனுப்பினா எழுத்துல ஆர்டர் குடுத்து அனுப்பணும். அந்த ரெக்கார்டு 48 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட்டுக்கு போகணும், நீங்க மனு போட்டா காப்பி ஃப்ரீ. தேடறத வீடியோ எடுக்கறதும் இப்ப சட்டத்துலயே இருக்கு (105). உங்க வீட்ல எடுத்தாங்களா?

எதிர்வீட்டு சாட்சி:
அந்தத் தெருவாசிங்க ரெண்டு பேர் சாட்சி இருக்கணும்ல, அதுல ஒரு ஆளா நான் போயிருக்கேன் சார். தேடி முடிச்சப்புறம்தான் என்னையே கூப்டாங்க, மகஜர்ல (என்ன தேடி என்ன எடுத்தாங்கன்னு எழுதற பேப்பர்) பாதி பக்கம் காலியா இருந்துச்சு, "கீழ போடுங்க, மேல நாங்க எழுதிக்கறோம்"னு பேனாவ நீட்டினாரு. போட்டுட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு கோர்ட்ல கூண்டுல நின்னு முழிச்சேன் பாருங்க...

ரிட்டயர்டு ஏட்டு:
தம்பி, திருட்டு போன் ஒரு மணி நேரத்துல கைமாறிடும், நாங்க வாரண்ட்டுக்கு கோர்ட்ல போயி நின்னா பாக்ஸ் கூட மிஞ்சாது. அதனால வந்தது தப்பில்ல. ராத்திரில வந்ததும் தப்பில்ல, இந்த மாதிரி கேஸுக்கு அப்படி தடை ஒண்ணும் கிடையாது. ஆனா எடுத்த பொருளுக்கு லிஸ்ட் போட்டு வீட்டுக்காரர் கையில காப்பி குடுக்காம போனதுக்கு சாக்கே சொல்ல முடியாது, நான் சர்வீஸ்ல இருந்தா அந்தப் பசங்கள திட்டியிருப்பேன். இன்னொண்ணு, கதவ மறிச்சுட்டு நிக்காதீங்க, பணி செய்ய விடாம தடுத்தான்னு ஒரு கேஸ் சேந்துக்கும்.

கோர்ட்வாசல்:
ஏட்டய்யா சொல்றது சரி. ராஜஸ்தான் ரஹ்மான் கேஸ்ல (1960 சட்ட ரிப்போர்ட்ல வந்த தீர்ப்பு) காரணம் எழுதாம புகையிலை தேட வந்த எக்சைஸ் அதிகாரிய தடுத்தவர் மேல குத்தம் இல்லன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு, ஆனா அத நம்பி கதவ சாத்தாதீங்க, அந்தக் கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அப்புறம் தேடின முறை தப்புங்கறதுக்காக மட்டும் கிடைச்ச பொருள் சாட்சியமாகாதுன்னு ஆயிடாது, 1973 பூரன்மல் தீர்ப்பு அதத்தான் சொல்லுது. நீங்க இப்ப 185 ரெக்கார்டு காப்பி கேட்டு ஒரு மனு, பொருள திருப்பித் தரச் சொல்லி 503-ல மாஜிஸ்திரேட்கிட்ட ஒரு மனு போடுங்க. பொருள கோர்ட்டுக்கே ரிப்போர்ட் பண்ணலன்னா அது அங்கயே வெளிய வந்துடும்.

மாடிவீட்டு ராசு:
வீடியோலாம் யாரும் எடுக்கல. சாட்சியும் இல்ல, கீழ்வீட்டு அக்கா மட்டும் படிக்கட்டுல நின்னு பாத்துட்டு இருந்தாங்க. திங்கக்கிழமை வக்கீல பாக்கறோம். லேப்டாப் கூட பரவால்லங்க, அந்த போன்லதான் கேஸ் புக் பண்ற நம்பர் இருக்கு, சிலிண்டர் வேற தீரப்போகுதுன்னு அப்பா நாலு நாளா புலம்பிட்டு இருக்காரு.