டம்ளரை எடுத்தால் டம்ளராகத்தான் தெரிகிறது, என்ன செய்வது?

மொட்டைமாடி:
வணக்கம். இரண்டு மாதமாக வீட்டில் இருக்கும் பொருள்களையே வைத்து, பொருள் தெரியாமல் வடிவம் மட்டும் தெரியும் அரூபப் புகைப்படங்கள் எடுத்துப் பழகுகிறேன். முறம், இட்லித் தட்டு, அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள், கொடியில் காயும் கட்டம் போட்ட லுங்கி. இருப்பது 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ். படம் கூர்மையாகத்தான் வருகிறது, ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாரும் "டம்ளர் படமா?" என்றே கேட்கிறார்கள். எனக்கு வளைவும் கோடும் மட்டும் தெரிய வேண்டும். மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? அப்புறம், ஒவ்வொரு டம்ளரிலும் நானும் கேமராவும் தெரிகிறோம், அதற்கும் வழி சொல்லுங்கள்.

பழைய லென்ஸ்:
இப்போது எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் லென்ஸ் சுமார் 25 செ.மீ. வரை நெருங்கும், 55-இல் வைத்துக் கிட்டே போனால் இட்லித் தட்டின் ஒரு குழியே படத்தை அடைத்துவிடும், அது போதும். வாயும் அடியும் தெரிவதால்தான் டம்ளர் டம்ளராகத் தெரிகிறது. நான்கு பக்கமும் வெட்டிவிடுங்கள், பின்னணி துளிகூட உள்ளே வரக் கூடாது, படத்துக்கு வெளியேயும் அந்த வளைவுகள் போய்க்கொண்டே இருக்கின்றன என்று தோன்ற வேண்டும்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். முறத்தை உச்சி வெயிலில் எடுத்தால் தட்டையாக இருக்கும். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள், ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரு நிழல் இருக்கும். புகைப்படக் கலைஞர் ஆந்த்ரே கெர்டெஸ் 1928-இல் ஒரு முள்கரண்டியைத் தட்டின் விளிம்பில் சாய்த்து எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். கரண்டி, தட்டு, நிழல், வேறொன்றும் இல்லை. இன்னொரு புகைப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்ட் 1916-லேயே சாதாரணக் கிண்ணங்களையும் தாழ்வாரத்தில் விழுந்த நிழல் பட்டைகளையும் வைத்து இதைச் செய்துவிட்டார். எனக்கு ஸ்ட்ராண்டைத்தான் அதிகம் பிடிக்கும், பொருளின் பெயரைத் தேடவே தோன்றாது.

சமையலறை ஜன்னல்:
மேலே சொன்னது சரிதான், ஆனால் முழுக்க ஒரே மாதிரி ஓடும் பேட்டர்னில் கண் சீக்கிரம் சலித்துவிடும். முறத்தில் ஒரு நார் பிய்ந்த இடம் இருந்தால் அதை விடாதீர்கள், ஓரமாக வைத்து எடுங்கள்.

எவர்சில்வர் சுற்றி இருப்பதைத்தான் காட்டும், அதனால் சுற்றி இருப்பதை மாற்றுங்கள். டம்ளர்களுக்கு மூன்று பக்கமும் ஒரு சிவப்புப் புடவையைத் தொங்கவிட்டு, நீங்கள் கறுப்புத் துணிக்குப் பின்னால் நின்று லென்ஸ் மட்டும் தெரிகிற மாதிரி எடுங்கள். டம்ளர் போய்ச் சிவப்பும் கறுப்புமான பட்டைகள்தான் இருக்கும். இரவில் எல்இடி வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே கோடு விழுந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். லுங்கியின் பொடிக் கட்டங்களில் இல்லாத அலைகள் தெரிந்தால் ஓரடி முன்னேயோ பின்னேயோ நகர்ந்தால் போதும்.

கண்ணாடித்தாள்:
லென்ஸின் முன் மாட்டித் திருப்பும் போலரைசர் ஃபில்டர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடி) இருக்கிறதா? லேப்டாப் திரையை முழு வெள்ளையாக வைத்து, அதன் முன் பள்ளிக்கூடத்துப் பிளாஸ்டிக் ஸ்கேலைப் பிடித்து, ஃபில்டரைத் திரை கறுக்கும்வரை திருப்புங்கள். ஸ்கேலுக்குள் வானவில் நிறங்கள் வளைந்து வளைந்து ஓடும். அச்சில் வார்த்தபோது உள்ளே தங்கிவிட்ட அழுத்தம்தான் அப்படித் தெரிகிறது. நான் முதல்முறை பார்த்தபோது அரை மணி நேரம் படமே எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொட்டைமாடி:
எல்லாருக்கும் நன்றி. இன்று சாயங்காலம் அம்மாவின் அரக்குப் புடவையைக் கட்டி, பன்னிரண்டு டம்ளரைப் படுக்கவைத்து எடுத்தேன். கீழ் வரிசை நினைத்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. மேல் வரிசையில் மட்டும் ஜன்னல் வெள்ளைக் கட்டமாக விழுகிறது, நாளை அதையும் மூடிவிட்டு எடுக்கிறேன். ஃபில்டர் பக்கத்து வீட்டு அண்ணனிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வாங்கி ஸ்கேலையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.