2027 டிசம்பர் 24 வெள்ளி மாலை: ஹனுக்கா முதல் விளக்கும் கிறிஸ்துமஸும் ஒரே வீட்டில்

நியூஜெர்சி வாசகி கேட்கிறார்:
2027-இல் ஹனுக்கா என்ற எட்டு நாள் யூத விளக்குப் பண்டிகையின் முதல் விளக்கு டிசம்பர் 24 மாலை வருகிறது, அதுவும் வெள்ளிக்கிழமை. நான் சி.எஸ்.ஐ., கணவர் யூதர். கோஷர் என்னும் யூத உணவு விதிகளையும், வெள்ளி அஸ்தமனம் முதல் சனி இரவு வரையான ஓய்வுநாளையும் விடாமல் கடைப்பிடிக்கும் மாமியார் வியாழன் முதல் ஞாயிறு வரை எங்களுடன் தங்குவார். மரம், மெனோரா (ஹனுக்கா விளக்குத்தண்டு), இரவு ஆராதனை, மறுநாள் விருந்து, இவற்றை எந்த வரிசையில் வைத்தால் அவருக்கும் மனக்கஷ்டம் வராது? வான்கோழியை அவரும் சாப்பிட வழி உண்டா?

திரி (விளக்கு, வழக்கம் பற்றிப் பதில் சொல்பவர்):
சகோதரி, எல்லாமே வெள்ளி சூரிய அஸ்தமனத்தைப் பொறுத்தது. உங்கள் பக்கம் அன்று அது ஏறக்குறைய 4:30. ஓய்வுநாள் விளக்கை அதற்கு 18 நிமிடம் முன்பு ஏற்றுவது வழக்கம். ஹனுக்கா விளக்கை அதற்கும் முன்னால் ஏற்றிவிட வேண்டும். ஓய்வுநாள் தொடங்கியபின் நெருப்புப் பற்றவைக்க முடியாது. ஆகவே 4:05-க்கு எல்லோரும் மெனோரா முன் இருக்கட்டும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பெட்டியில் வரும் சிறு மெழுகுவத்தி அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வெள்ளியன்றோ, நன்றாக இருட்டியபின்னும் அரை மணி நேரம் எரிய வேண்டும். மொத்தம் ஒன்றரை மணிக்குக் குறையாது. எண்ணெய் விளக்கோ, நாலு மணி நேரம் எரியும் டீ-லைட்டோ (சிறு கிண்ண மெழுகுவத்தி) வாங்குங்கள். முதல் இரவு வலக்கோடியில் ஒன்று, அதை ஏற்ற ஷமாஷ் என்ற துணை விளக்கு ஒன்று. முதல் நாள் மட்டும் ஆசி மூன்று. மற்ற நாள்களில் இரண்டு.

ஏற்றியபின் மெனோராவை நகர்த்தக் கூடாது. மரத்திலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி, திரைச்சீலை இல்லாத இடத்தில் முதலிலேயே வையுங்கள். மரம் காய்ந்தால் சட்டென்று தீப்பிடிக்கும்: அடித்தண்டை இரண்டு செ.மீ. அறுத்துத் தண்ணீரில் நிறுத்தி, தினமும் அளவு பாருங்கள். மர விளக்குகளுக்கு டைமர் போட்டுவிடுங்கள். சுவிட்சைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியிருக்காது. டீ-லைட் எட்டரைக்குள் அணைந்துவிடும், ஆராதனைக்கு நிம்மதியாகப் புறப்படலாம்.

அடுப்படி (சமையல் பற்றிப் பதில் சொல்பவர்):
வான்கோழியை சனி மதியத்திலிருந்து வெள்ளி இரவுக்கு மாற்றிவிடுங்கள். ஓய்வுநாளில் அவருக்காக நீங்கள் சமைத்துக் கொடுத்தாலும் அவர் சாப்பிட மாட்டார். முதல் நாளே சமைத்து இரவெல்லாம் ஹாட் பிளேட்டில் வைத்தால் கறி சக்கையாகிவிடும்.

கோஷர் வான்கோழி ஏற்கெனவே உப்பிட்டுத்தான் வரும். உப்புநீரில் ஊறப்போட்டால் வாயில் வைக்க முடியாது. ஐந்தரைக் கிலோ பறவைக்கு 165 டிகிரி செல்சியஸில் சுமார் மூன்று மணி நேரம். தொடையின் உள்ளே 74 டிகிரி வர வேண்டும். வெண்ணெய் கூடாது, கறியோடு பால் சேராது. ஆலிவ் எண்ணெய் தடவுங்கள். உருளைக்கிழங்கு மசியலுக்கும் அதுவே. பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனால் மூன்றுக்கு வெளியே வந்துவிடும்.

அடுப்பு: 24 மணி நேரம் பயன்படுத்தாமல் விட்டு, செல்ஃப்-கிளீன் ஓட்டம் ஒன்று முழுதாக விடுவதைப் பலர் ஏற்கிறார்கள். புதிய அலுமினியத் தட்டு, புதிய கத்தி, புதிய பலகை. மாமியார் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கமென்றால், சமையலில் யூதர் ஒருவரின் பங்கு இருக்க வேண்டும் என்பதால் அடுப்பை மாமியாரோ கணவரோ பற்றவைக்கட்டும். ஆனால் இதெல்லாம் போதுமா என்பதை அவரிடம் நவம்பரிலேயே கேட்டுவிடுங்கள். போதாது என்றால் கோஷர் கடையில் சமைத்த உணவை சீல் பிரிக்காமல் வாங்கி, இரட்டை ஃபாயிலில் சுற்றிச் சூடாக்குங்கள்.

நியூஜெர்சி வாசகி:
நன்றி. பிளம் கேக்? லாட்கெ (உருளைக்கிழங்கு அடை) எப்போது?

அடுப்படி:
கேக்கிலும் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய். பிராந்தி திராட்சையிலிருந்து வருவதால் கோஷர் முத்திரை வேண்டும். பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்தாலே நன்றாக இருக்கும்.

லாட்கெவை சனி இரவு, ஓய்வுநாள் முடிந்து இரண்டாம் விளக்கு ஏற்றியபின் சுடுங்கள். ஒரு கிலோ உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம் ஒன்று, முட்டை இரண்டு, மட்சா மாவு (புளிக்காத ரொட்டியைப் பொடித்தது) நாலு கரண்டி. துருவியதைத் துணியில் இறுகப் பிழிந்து, அந்தத் தண்ணீரை ஐந்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் வெள்ளை மாவை மட்டும் திரும்பச் சேருங்கள். இதை விட்டால் எண்ணெயில் பிரிந்துவிடும். அன்று கறி இல்லையென்றால் புளித்த க்ரீம், இருந்தால் ஆப்பிள் மசியல்.

திரி:
ஒன்று மட்டும். மரத்தில் தாவீதின் நட்சத்திரத்தைத் தொங்கவிடும் யோசனை இருந்தால், மாமியாரைக் கேட்காமல் செய்யாதீர்கள். பிள்ளைகளிடம் ஹனுக்காவை 'யூதர்களின் கிறிஸ்துமஸ்' என்றும் சொல்ல வேண்டாம். அது மக்கபேயர் என்ற யூதப் போராளிகள் எருசலேம் ஆலயத்தை மீட்டு மறுபடி அர்ப்பணித்ததன் நினைவு. யோவான் 10:22-இல் வரும் 'தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை' இதுதான். வெள்ளி மாலை விளக்கேற்றும் முன் அந்த வசனத்தை அவர்களுக்குக் காட்டலாம்.