காவலர் தாக்கிய இளைஞர்: ஒரு தலைப்பை எத்தனை விதமாகப் படிக்கலாம்?

நாளிதழ் ஒன்றில் மெய்ப்புத் திருத்துநராகச் சேர்ந்து, பிறகு உதவி ஆசிரியராகிப் பல ஆண்டுகள் தலைப்பு எழுதியே காலம் கழித்தவன் நான். ஆகவே தவறாகப் படித்த கதையைச் சொல்வதற்கு முன், தவறாகப் படிக்க வைத்த கதையைச் சொல்லிவிடுவதுதான் முறை. ஓர் இரவு, பக்கம் அச்சுக்குப் போக இருபது நிமிடங்களே எஞ்சியிருந்தபோது, இரண்டு பத்தி அகலத்துக்குள் அடங்க வேண்டிய ஒரு சிறு செய்திக்குக் “காவலரைத் தாக்கிய இளைஞர் கைது” என்று தலைப்பிட்டேன். ‘கைது’ என்ற சொல் மட்டும் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டு அநாதையாகத் தொங்கியது. எழுத்தின் அளவைக் குறைக்கப் பக்க வடிவமைப்பாளர் ஒப்பவில்லை. ‘ஐ’ உருபையும் அதற்குப் பின் வந்த ஒற்றையும் எடுத்துவிட்டால் வரி அடங்கிவிடும் என்று கண்டு, “காவலர் தாக்கிய இளைஞர் கைது” என்று மாற்றிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

காலையில் முதலில் அழைத்தவர், அடிபட்டவனையே கைது செய்வது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். நான் அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோதே மற்றொரு தொலைபேசி ஒலித்தது. அதில் பேசியவர், சீருடை அணிந்தவர்மேல் கை வைப்பவர்களை எங்கள் நாளிதழ் துணிச்சலாக வெளிச்சம்போட்டுக் காட்டியதற்காகப் பாராட்டினார். இருவரும் படித்தது அதே நான்கு சொற்களைத்தான். நண்பகலுக்குள் வந்த அழைப்புகள் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்திருந்தன. அவர்களில் ஒருவர்கூட, “இதற்கு இரண்டு பொருள் வருகிறதே, எது சரி?” என்று கேட்கவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு வியப்பாக இருக்கிறது. மயக்கம் தரும் தலைப்பைப் படிப்பவருக்குத் தாம் மயங்குகிறோம் என்பதே தெரிவதில்லை. விடுபட்ட உருபை அவரவர் மனம் ஓசையில்லாமல் போட்டுக்கொள்கிறது, காவலர்களைப் பற்றி அவரவர் முன்பே கொண்டிருந்த எண்ணத்திலிருந்து எடுத்து.

அதன்பிறகு ஒரு குறிப்பேட்டில் இத்தகைய தலைப்புகளை எழுதிவைக்கத் தொடங்கினேன். எல்லா மயக்கமும் ஆபத்தானது அன்று. “விபத்தில் இறந்த தொழிலாளியின் சகோதரருக்கு வேலை” என்ற தலைப்பில், இறந்தவர் சகோதரரே என்று கொள்ளவும் இலக்கணம் இடம் கொடுக்கிறது. ஆனால் இறந்தவருக்கு யாரும் வேலை தரமாட்டார்கள் என்பதால் வாசகர் வழி தவறுவதில்லை. “காயமடைந்த அமைச்சரின் ஓட்டுநர் மருத்துவமனையில் அனுமதி” என்பது வேறு வகை. காயமடைந்தவர் அமைச்சரா, ஓட்டுநரா என்ற இரண்டுமே நடக்கக் கூடியவை என்பதால், அமைச்சரின் உடல்நிலையை விசாரித்துக் கட்சிக்காரர்கள் அரை நாள் அலைந்தார்கள். “அமைச்சரின் ஓட்டுநர் காயம்” என்று எழுதியிருந்தால் இடமும் மிச்சமாகியிருக்கும்.

நீங்கள் எழுதிய, அல்லது படித்து ஏமாந்த தலைப்புகளைப் பகிருங்கள். சிரிப்புக்காக இட்டுக்கட்டியவை வேண்டாம். உங்களுக்கு நேர்ந்தவை மட்டும் போதும்.

* * *

நான் செய்தித்துறையைச் சேர்ந்தவள் அல்லள், வாசகி மட்டுமே. என்னை ஏமாற்றியது தலைப்பை எழுதியவரா, என் கைப்பேசியா என்று இன்னும் முடிவுக்கு வர இயலவில்லை. என் மகள் பொதுத்தேர்வு எழுதி முடித்திருந்த வாரம், பூட்டிய திரையில் ஓர் அறிவிப்பு வந்தது: “பொதுத்தேர்வு மீண்டும் நடத்தப்படும் எனப் பரவும் தகவ…” அவ்வளவுதான் தெரிந்தது. ‘எனப் பரவும்’ என்பதற்கு முன்பே என் கண் நின்றுவிட்டது. அதைத் திறந்து பார்க்காமலேயே, தன் மகனையும் தேர்வுக்கு அனுப்பியிருந்த என் அக்காவை அழைத்து, “அக்கா, மறுபடியும் எழுதச் சொல்கிறார்களாம்” என்று சொல்லிவிட்டேன். அக்கா அதைத் தன் குடும்பக் குழுவில் போட்டார். கால் மணி நேரம் கழித்து முழுவதையும் படித்தபோது, அந்த வரி “தகவல் உண்மையல்ல” என்று முடிந்திருந்தது.

அன்றைக்கு நான் பட்ட வெட்கத்தில் இதைப் பற்றிச் சற்று யோசித்தேன். தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. நடந்ததா இல்லையா, உண்டா கிடையாதா என்பதைச் சொல்லும் சொல் வாக்கியத்தின் வால் நுனியில் இருக்கிறது. கைப்பேசியோ நீண்ட வரியின் வாலைத்தான் வெட்டுகிறது. இவ்விரண்டும் சேரும்போது, ஒரு மறுப்புச் செய்தி தான் மறுக்கும் வதந்தியையே பரப்பிவிடுகிறது. “பொதுத்தேர்வு மறுபடியும் இல்லை” என்று மூன்றே சொற்களில் எழுதியிருந்தால் வெட்டுக்குத் தப்பியிருக்கும். அல்லது ‘வதந்தி’ என்ற சொல்லை முதலில் வைத்திருக்கலாம்.

‘மறுப்பு’ என்று தொடங்கலாமே என்று என் கணவர் சொன்னார். அந்தச் சொல்லும் நம்பத் தகுந்ததன்று. “பதவி விலக அமைச்சர் மறுப்பு” என்றால் விலக மாட்டேன் என்று சொன்னார், “பதவி விலகலா? அமைச்சர் மறுப்பு” என்றால் விலகியதாக வந்த செய்தி பொய் என்று சொன்னார். இணங்காமைக்கும் இல்லையென்று சொல்வதற்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

என்னைப் போன்றவர்கள் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகமும் பிரான்சின் இன்ரியா நிறுவனமும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ட்விட்டரில் பகிரப்பட்ட செய்தி இணைப்புகளில் 59 விழுக்காடு ஒருமுறைகூடச் சொடுக்கப்படவில்லை என்று கண்டார்கள். 2020-இல் அதே தளம், கட்டுரையைத் திறக்காமல் பகிர முயல்வோரிடம் “முதலில் படிக்கிறீர்களா?” என்று கேட்கும் வசதியைச் சோதித்துப் பார்த்தது. என் அக்காவின் குடும்பக் குழுவில் அப்படிக் கேட்பதற்கு எவரும் இல்லை.

* * *

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் எழுதிய உதவி ஆசிரியர் ஐயாவின் தலைப்பைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அது கேலிச் சிரிப்பன்று, பழைய நண்பரை எதிர்பாராத இடத்தில் கண்டதால் வந்த சிரிப்பு. ‘புலிகொல் யானை’ என்று ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல் இதைத் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று பெயரிட்டே பேசுகிறது: செய்கை யாருடையது என்று நிலையாமல், இரு பக்கமும் தடுமாறுகின்ற தொழில். அதில் இரண்டாம் வேற்றுமையும் (‘ஐ’) வரலாம், மூன்றாம் வேற்றுமையும் (‘ஆல்’) வரலாம், தடையில்லை என்பது நூற்பா. உங்கள் காவலரும் இளைஞரும் அந்தப் புலியும் யானையுமே.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த நூற்பா. இறுதிப் பெயருக்குப் பின் வரும் சொல்லைக் கொண்டு, எந்த வேற்றுமை என்பதை அறிவுடையோர் தெரிந்துகொள்வர் என்கிறது அது. புலிகொல் யானை ஓடுகிறது என்றால் யானை உயிரோடு இருக்கிறது, ஆகவே செத்தது புலி. புலிகொல் யானையின் கோடு வந்தது என்றால், தந்தத்தை எடுத்துவிட்டார்கள், செத்தது யானை. பணியில் இருந்தபோது இதை வகுப்பில் சோதித்துப் பார்த்ததுண்டு. கரும்பலகையில் “ரவுடி தாக்கிய வியாபாரி” என்று மட்டும் எழுதி, அதற்குப் பின்னால் ‘மருத்துவமனையில் அனுமதி’ என்று சேர்த்தால் வகுப்பு முழுவதும் வியாபாரிக்காக இரங்கும். அதை அழித்துவிட்டுத் ‘தலைமறைவு’ என்று எழுதினால், அதே பிள்ளைகள் வியாபாரியைக் குற்றவாளி ஆக்கிவிடுவார்கள். முன்னால் உள்ள மூன்று சொற்களில் ஒரு புள்ளியும் மாறியிருக்காது. ‘கைது’ என்ற சொல்லோ இரு பக்கமும் ஒட்டும் பசை. அடித்தவனும் கைதாவான், அடிபட்டவனும் கைதாவது உண்டு என்பது வாசகர்களுக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் தலைப்புக்குத் தொல்காப்பியர் காட்டிய வழியும் உதவாமல் போயிற்று.

நன்னூலார் இன்னும் ஒரு படி மேலே போய், உருபு தொக்க தொடர் இரண்டு முதல் ஏழு பொருள்வரை மயங்கும் என்று கணக்கே சொல்லியிருக்கிறார். செய்யுளில் அது நயம். தலைப்பில் அது வம்பு.

என் சொந்த அனுபவம் ஓர் ஒற்றைப் பற்றியது. “வணிகர் வீட்டில் தந்த சிலை பறிமுதல்” என்ற தலைப்பைப் பார்த்து, வணிகர் வீட்டில் யாரோ யாருக்கோ கொடுத்த சிலையை எதற்காகப் பறித்தார்கள் என்று செய்தியின் பாதிவரை குழம்பிக்கொண்டிருந்தேன். யானைத் தந்தத்தில் செய்த சிலை அது. “தந்தச் சிலை” என்று ஒரு ‘ச்’ இட்டிருந்தால் போதும். வல்லினம் மிகும் இடங்களை மாணவர்கள் வெறுக்கும் அளவுக்கு நடத்தியவன் என்பதால் எனக்குக் கூடுதல் வருத்தம். இப்போது ‘சந்தி வேண்டாம், வாசகருக்குக் கடினம்’ என்று சில அலுவலகங்களில் சொல்கிறார்களாம். கீரை கடை என்று எழுதினால் கடைந்துதான் பார்க்க வேண்டும்.

* * *

நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவன். தாக்கியவர் யார் என்று தெரியாத தலைப்புகள் எங்கள் துறையில் குறைவு. எங்களுடைய நோய் எதிர்மறைகளின் அடுக்கு. ஒரு நாள் காலை, பக்கத்து வீட்டுத் தம்பி நாளிதழோடு வந்து, “அண்ணே, நாளைக்கு எனக்கு வேலை உண்டா, இல்லையா? இதைப் படித்துச் சொல்லுங்கள்” என்று கேட்டார். அவர் வேலை செய்த ஆலையைப் பற்றிய செய்தி அது: “ஆலை மூடல் உத்தரவுக்கு விதித்த தடையை எதிர்த்த மேல்முறையீடு தள்ளுபடி.”

நான் அவரை உட்கார வைத்து விரல் மடக்கினேன். மூடல் உத்தரவு என்றால் ஆலை மூடும். அதற்குத் தடை என்றால் ஆலை ஓடும். அந்தத் தடையை எதிர்த்து மேல்முறையீடு என்றால் மறுபடியும் மூடப் பார்க்கிறார்கள். அது தள்ளுபடி என்றால் மூட முடியாது, ஆலை ஓடும். “அப்படியானால் வேலை உண்டு” என்றேன். அவர் நம்பவில்லை. தலைப்பில் மூடல், தடை, எதிர்த்த, தள்ளுபடி என்று நான்கும் கெட்ட சொற்களாக இருக்கும்போது செய்தி எப்படி நல்லதாக இருக்கும் என்பது அவருடைய கேள்வி. “ஆலை தொடர்ந்து இயங்கலாம்: நீதிமன்றம்” என்று எழுத யாருக்கும் மனம் வரவில்லை, ஏனென்றால் உத்தரவின் வாசகத்தை அப்படியே சுருக்குவதுதான் பாதுகாப்பு என்று நிருபர்கள் நினைக்கிறார்கள். அந்த அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. உத்தரவை எளிமையாக்கப் போய்ப் பொருளை மாற்றிவிட்டு, மறுநாள் விளக்கம் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தள்ளுபடி என்ற சொல்லும் தன் பங்குக்குப் படுத்தும். கடன் தள்ளுபடி என்றால் மகிழ்ச்சி, மனு தள்ளுபடி என்றால் துக்கம். “கடன் தள்ளுபடி மனு தள்ளுபடி” என்ற தலைப்பை நானே கண்டதுண்டு. அன்று வரிசையில் நின்ற ஒருவர் இரண்டாவது தள்ளுபடியை வட்டித் தள்ளுபடி என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

* * *

மொழிபெயர்ப்பாளராக ஒரு சிறு குறிப்பு மட்டும். ஆங்கிலத் தலைப்புகளும் இப்படிக் கவிழ்வதுண்டு. அதற்கு ‘க்ராஷ் பிளாசம்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 1985-இல் நடந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமான விபத்தில் தந்தையை இழந்த ஒரு வயலின் கலைஞரின் இசை வாழ்வு மலர்வதைப் பற்றிய செய்தியின் தலைப்பில் அடுத்தடுத்து நின்ற ‘க்ராஷ்’ (விபத்து), ‘பிளாசம்ஸ்’ (மலர்கிறார்) என்ற சொற்களை, ‘விபத்து மலர்கள்’ என்று ஏதோ பூக்கள் இருப்பதுபோல் படிக்க நேர்ந்ததால், 2009-இல் செம்மையாக்குநர்களிடையே பிறந்த பெயர் அது. ஆங்கிலத்தில் ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் நிற்பதால் வரும் சிக்கல் இது. தமிழில் ‘மலர்கள்’ வேறு, ‘மலர்கிறார்’ வேறு, விகுதி காப்பாற்றிவிடும். அந்த விகுதியையும் உருபையும் இடம் போதவில்லை என்று நாமே கழற்றி எறிந்தால் மொழி என்ன செய்யும்? ஆங்கிலச் செய்தியைப் பெயர்க்கும்போது, மூலத் தலைப்பு மயங்கினால் செய்தியின் உடலைப் படித்துவிட்டுப் புதுத் தலைப்பு எழுதுவதே என் வழக்கம். தலைப்பை மட்டும் பெயர்த்து இரண்டு முறை சூடுபட்டிருக்கிறேன்.

* * *

தொடங்கியவனே மீண்டும் வருகிறேன். தமிழாசிரியர் ஐயா, புலியையும் யானையையும் கல்லூரியில் நானும் படித்தேன்; அன்றிரவு அவை இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. அம்மா அவர்கள் சொன்ன வால் வெட்டு எங்கள் காலத்தில் இல்லை, ஆனால் அதன் உறவினர் ஒருவரை நாங்கள் அறிவோம். அதைச் சொல்லி முடிக்கிறேன்.

அழைப்புகள் ஓயாததால், மறுநாள் திருத்தம் வெளியிடுவது என்று முடிவாயிற்று. “நேற்று வெளியான செய்தியின் தலைப்பு ‘காவலரைத் தாக்கிய இளைஞர் கைது’ என்று இருந்திருக்க வேண்டும், பிழைக்கு வருந்துகிறோம்” என்று, ‘ஐ’ உருபையும் ஒற்றையும் பத்திரமாக வைத்து, நானே எழுதிக் கொடுத்தேன். நான் வீட்டுக்குப் போன பிறகு, ஒற்றைப் பத்தியில் அந்தத் திருத்தத்துக்கும் ஒரு தலைப்பு வேண்டும் என்று யாரோ தீர்மானித்து, “இளைஞர் கைது செய்தியில் பிழை” என்று போட்டுவிட்டார்கள்.

காலை ஒன்பது மணிக்கு வயதான பெண்மணி ஒருவர் அழைத்தார். கைதானவன் தன் அக்கா மகன் என்று சொல்லி, எங்களுக்கு நன்றி கூறிவிட்டு, எத்தனை மணிக்கு அவனை வெளியே விடுவார்கள் என்று கேட்டார்.